முப்பத்திரண்டு படிகளில் கடல்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில் கடை,
செல்போன் சர்வீஸ்.
குமாரதாஸ் அண்ணன் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
தக்கலை பஸ்ஸுக்கு ஓடியபின்
நான் அந்தச் சாம்பல்நிறக் கேம்பாயை எடுப்பேன்.

என்னுடையதல்ல.
முதுகில் ஒட்டிய துண்டுத்தாள் சொல்லும்:
ஷைனி, கருங்கல். திரையில் கோடு. ரூ.150.
குவைத் பெட்டியில் சோப்புகளுக்கு நடுவே வந்ததாம்.
ரிப்பன் ஓரமாய்ச் சால்டரிங் அயர்னைப்
பைய இழுத்தால் போதும்,
செத்த கோடுகள் ஒவ்வொன்றாய் எழும்பும்.
இருபது நிமிட வேலை.
ஷைனி வரவில்லை.
வருஷத்துக்கு இரண்டு மழை இங்கே,
நாலு மழை போயிற்று.

டிராக்கரில் ஸ்வரங்கள் படுத்துக் கிடப்பதில்லை.
மேலிருந்து கீழே இறங்கும், ரேஷன்கடை வரிசை மாதிரி.
பதினாறு வரி.
ஒன்பதுக்கு அடுத்தது பத்து இல்லை, ஏ.
எஃப் வரை போய் மறுபடி சைபர்.

நாலே சேனல்.
முதல் இரண்டும் மூக்கால் பாடுகிறவை.
கூடப் பாட ஆளில்லாததால்
ஒன்றையே மூன்று ஸ்வரங்களுக்கு நடுவே விரட்டுகிறேன்,
காது அதை மூன்று பேர் என்று நம்பிவிடுகிறது.
பொய்தான்.
ஆல்டோ பாட ஒருத்தரும் வராத வருஷம்
எங்கள் சர்ச் கொயர் கிறிஸ்துமஸை ஒப்பேற்றியதும்
இப்படித்தான்.

நாலாவது, இரைச்சல்.
மேலே லாரி போகும்போது
எது என்னுடையது, எது பாலத்தினுடையது என்று
தலையைச் சாய்த்துத்தான் கேட்கவேண்டும்.

மூன்றாவதில்தான் தகராறு.
அங்கே அலையை நாமே வரையலாம்:
முப்பத்திரண்டு படி, படிக்குப் பதினாறு உயரம்.
நான் கடல் வரைந்தேன்,
பாடப்புத்தகத்தில் போடுகிற மாதிரி
உருண்டையாக, மரியாதையாக.

குளச்சல் பிளைசன், டிஸ்பிளே மாற்ற வந்தவன்,
ஹெட்போனை ஒரு காதில் வைத்தான்.
“என்னலே இது, கொசுவா?”
திரையை எட்டிப் பார்த்தான்.
“அலை இப்படியா வரும்?
ஏறது பைய ஏறும், கேட்டியா.
விழும்போ ஒரே அடியாக்கும்.”
டீ கிளாஸ் ஈரத்தில் விரலால்
கவுண்டர் கண்ணாடிமேல் போட்டுக் காட்டினான்.

அப்படியே ஏற்றினேன், இரண்டு படிக்கு ஓர் உயரம்.
உச்சியில் வைத்து
சைபருக்குத் தள்ளிவிட்டேன்.
ஸ்பீக்கர் உறுமியது.
திருகாணி டப்பா நகர்ந்து மேஜை விளிம்புக்கு வந்தது.
படம் வரைந்த கூலி என்று
பிளைசன் நூறு ரூபாய் குறைத்துக் கொடுத்தான்.

பதினொரு வாரம். ஒரே பாட்டு.

ஸ்பேர் வாங்க நாகர்கோவில் போன சனிக்கிழமை
ஷைனி வந்தாள்.
அண்ணன் தூசி தட்டி, நூற்றைம்பது வாங்கி,
கவரில் போட்டுக் கொடுத்திருக்கிறார்.
கார்ட்ரிட்ஜ் உள்ளேயே.

பில் புத்தகத்தில் நம்பர் இருந்தது.
கூப்பிட்டு என்ன சொல்ல?
அக்கா, அது விளையாட்டு இல்லை என்றா?
உள்ளே ஒரு காசளவு பேட்டரி,
அது சாகும்வரைதான் பாட்டுக்கு ஞாபகம் என்றா?
வைத்துவிட்டேன்,
ஒரு ரிங் போனபிறகு.

ஐப்பசியில் கரண்ட் இல்லாத ஒரு சாயங்காலம்
கடை நம்பருக்கு வாய்ஸ் மெசேஜ்.
பதினாலு செகண்ட். பேச்சே இல்லை.
முதலில் அந்த உறுமல், ஏறி, விழுந்து.
பிறகு என் மூன்று பொய்யர்கள்.
நாலாவதை யாரோ அணைத்திருந்தார்கள்.
அந்த இடத்தில்
கருங்கலில் ஒரு தகரக்கூரைமேல் மழை
தாளம் கொஞ்சமும் இல்லாமல்.
ஏழாவது வரியில் ஒரு ஸ்வரம் மாறியிருந்தது.
திரும்பக் கேட்டேன். திரும்பவும்.
தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை.

மெழுகுவர்த்திக்கு அந்தப்பக்கமிருந்து அண்ணன் கேட்டார்:
“யாருடே அது, கம்ப்ளைன்டா?”

“ஆமாண்ணே” என்றேன்.
“வேலை முடியல்ல.”